பொதுச்சந்தையில் கொசுறு கிடையாது

அந்தப் பையை மட்டும் சித்த கால் பக்கமா நகத்தி வெச்சுக்கறேனுங்க தம்பி. பச்சமொளகா. நசுங்குச்சுன்னா பஸ்ஸே தும்ம ஆரம்பிச்சிரும். ஒட்டன்சத்திரத்துல இருந்து மடியிலயே வெச்சுட்டு வந்தேன், முட்டி மரத்துப் போச்சு. கிருஷ்ணகிரி வரைக்கும் பக்கத்துல ஒருத்தர் இருந்தாரு. ஏறுனதுல இருந்து தூக்கம். பேச்சுத் துணைக்கே ஆகல. நீங்க வந்தது நல்லதாப் போச்சு.

மண்டி வெச்சிருக்கேனுங்க. காய்கறி கமிஷன் மண்டி. நாச்சிமுத்து மண்டின்னு மார்க்கெட்டுல யாரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க. வெவசாயி சரக்கக் கொண்டாந்து எறக்குவாரு, நாங்க ஏலம் உட்டு வித்துக் குடுப்போம், அதுல எங்க கமிஷன். பெங்களூருக்கு யாவாரமா வரலீங்க. ஒரு நியாயம் கேக்கப் போறேன். செல்போன்ல வெளையாடற கேமு பண்ற கம்பெனி ஒண்ணு இருக்குது. அவங்ககிட்ட.

சிரிங்க, பரவாயில்ல. ஊட்டுலயும் சிரிச்சாங்க. மண்டிக்காரனுக்குக் கேமு எதுக்குன்னுதான எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு மட்டும் என்ன ஆசையா? எம்பையன் அதுல இருக்கானுங்க.

பையன் பேரு நவநீதன். இங்க பெங்களூருலதான் வேலை. பொம்மனஹள்ளியில ரூமு. நீங்க எங்க எறங்கறீங்க? அட, நீங்களும் பொம்மனஹள்ளிதானா! எப்படிங்க எடம்? தண்ணியெல்லாம் வருதுங்களா? சாப்பாட்டுக்கு நம்மூரு மெஸ்ஸு ஏதாச்சும் இருக்குதா? இல்ல இல்ல, நான் அங்க எறங்கல. நான் மடிவாளா போயி, அங்க ஆட்டோ புடிச்சு கம்பெனி ஆபீசுக்குப் போகோணும். சும்மா கேட்டேன்.

பையன் எங்கூடப் பேசறதில்லீங்க. சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது. படிச்சு முடிச்சுட்டு நம்ம மண்டியிலதான் கல்லாவுல உக்காந்தான். கணக்கு சுத்தமா இருக்கும். கைதான் தாராளம். ஒரு நாளு தள்ளுவண்டிக்காரம்மா ஒண்ணு மொளகா வாங்கி முடிச்சு, ‘கொசுறு போடு சாமி’ன்னு பையை விரிச்சுச்சு. இவன் ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டுட்டான். மண்டியில ஏதுங்க கொசுறு? அதெல்லாம் சில்லறைக் கடையில, கறிவேப்பிலை, கொத்தமல்லின்னு குடுக்கறது. மொத்த யாவாரத்துல ஒருத்தருக்குப் போட்டா நாளைக்கு ஊரே பையை விரிக்கும். நான் போயி அந்தம்மா பையில இருந்து மொளகாய எடுத்துத் திரும்பக் குவியல்ல போட்டேன். போட்டுட்டு, ‘ஏண்டா, உங்கப்பன் ஊட்டுச் சொத்தா, இப்படி அள்ளி எறைக்கறே’ன்னேன். வாயில வழக்கமா வர்ற வார்த்தைதானுங்க. லோடுமேனுங்க, டிரைவருங்க, கேரளா பார்ட்டிங்கன்னு எல்லாரும் நின்னாங்க. கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அவன் மட்டும் சிரிக்கல. ‘ஆமாங்க, எங்கப்பன் ஊட்டுதுதான். என்னுது இல்ல’ன்னான். கல்லாச் சாவிய எடுத்துத் தராசுத் தட்டுல வெச்சான். மெதுவாத்தான் வெச்சான்.

இதுக்குப் போயி ஒருத்தன் ஊரை உட்டுப் போவானுங்களா? எந்த அப்பன் பேசாத பேச்சு? எங்கய்யன் என்னைய மாட்டுச் சாட்டையால அடிச்சிருக்காரு. அன்னைக்கு ராத்திரியே அவரு தட்டுல இருந்துதான் கறி எடுத்துத் தின்னேன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு சொல்லு தாங்கறதில்ல.

அவங்கம்மாகிட்டப் பேசுவான். தங்கச்சி தாரணிகிட்டயும் பேசுவான். நான் உள்ள நொழைஞ்சா எங்கூட்டுக்காரி போனை எடுத்துட்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் போயிருவா. நான் கேக்கறதுமில்ல. தட்டுல சோத்தைப் போட்டுட்டு ‘நல்லா இருக்கானாம்’னு ஒரு வார்த்தை சொல்லுவா. எனக்கு அதோட சரி.

தாரணிதானுங்க ஒரு நாளு எம்பட செல்லுல அந்தக் கேமை ஏத்திக் குடுத்தா. ஏழுகோட்டைன்னு பேரு. ‘அண்ணன் தெனமும் சாயந்தரம் இதுல இருப்பான்பா. நீங்கன்னு சொல்லாம சும்மா போயி எட்டிப் பாருங்க’ன்னா. ‘நீயும் சொல்லக்கூடாது’ன்னேன். ‘சொல்லமாட்டேன்’னு தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணுனா. எம்மக பொய் சொல்லமாட்டாளுங்க.

அதுல ஆளாளுக்கு ஒரு வேசங் கட்டிட்டுத் திரியறாங்க. காட்டுக்குப் போயிப் பூதம் அடிக்கறவன், இரும்பு வெட்டறவன், மருந்து காச்சறவன். எல்லாம் நெசமான ஆளுங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஊட்டுல உக்காந்திருக்காங்க. பூதம் மட்டுந்தான் பொய்யி. எனக்குச் சட்டை போடாத வாலிபன் ஒருத்தனைக் குடுத்தாங்க, கையில கத்தி, பேரு வேங்கை. எம்பையன் எப்படி நிக்கறான்னு பாத்தா, பச்சை முடி வெச்ச பொம்பளப்புள்ள! பேரு குயிலி. மருந்து காச்சி விக்கற புள்ள. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. தாரணி, ‘கேமுல அதெல்லாம் அப்படித்தாம்பா’ன்னா. சரி, என்னமோ, எந்த வேசத்துலயோ எம்புள்ளயக் கண்ணுல பாத்தனேன்னு உட்டுட்டேன்.

கோட்டைக்கு முன்னால பெரிய மைதானமுங்க. துணிய விரிச்சுச் சரக்கப் பரப்பிட்டு உக்காந்திருப்பாங்க. வெலை எழுதி வெக்கற பழக்கமே இல்ல. கிட்டப் போயி எழுதிக் கேக்கோணும். அவன் ஒண்ணு சொல்லுவான், நாம ஒண்ணு சொல்லோணும். ஒத்துப்போச்சுன்னா நடுவுல ஒரு பலகை தொறக்கும். அவன் பக்கம் சரக்கை வெப்பான், எம்பக்கம் நான் காசை வெப்பேன். ரெண்டு பேரும் பாத்துச் சரின்னு அமுக்குனாத்தான் கை மாறும். பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது நம்ம எடம்னு.

மொத நாளு அவன் விரிப்புக்கு முன்னால போயி நின்னேன். சுத்தி இருக்கறவனெல்லாம் என்னையப் பாத்து ‘ப்ரோ, ப்ரோ’ங்கறான். வாலிப வேசமில்லீங்களா. குயிலி மட்டும் ‘வாங்கய்யா, என்ன வேணும்’னு எழுதுச்சு. பாருங்க, வளர்ப்பு! யாரு எவருன்னு தெரியாத எடத்துலயும் பெரியவங்ககிட்டப் பேசற மரியாதை.

எனக்கு எழுத்து ஒவ்வொண்ணாத் தேடித்தான் அமுக்க வரும். மத்தவனுங்க பாதியிலயே நகந்துருவானுங்க. அவன் நிப்பான். நான் அடிமாட்டு வெலைக்குக் கேப்பேன். ‘கட்டாதுங்கய்யா, வேரு வெலையே ஏறிக் கெடக்குது’ம்பான். அப்படியே ‘அங்க மழைங்களா’ம்பான். ‘மழைதான், தக்காளி பூரா அழுகுது’ம்பேன். ‘அப்ப மொளகா ஏறுமே’ம்பான். கேமுல ஏதுங்க தக்காளியும் மொளகாயும்? என்னமோ பேச்சு அப்படிப் போகும். ஒரு குப்பி மருந்துக்கு மணிக்கணக்காப் பேரம் ஓடும். எனக்கு அந்த மருந்து எதுக்கு? நான் சண்டைக்கே போறதில்ல. பெட்டி பூரா மருந்துதான்.

எல்லாம் முடிஞ்சதும் நான் ‘கொசுறு?’ன்னு ஒரு வார்த்தை போடுவேன். ஒடனே அவன் பக்கம் ஒரு பச்சிலை வந்து உக்காரும். ஒண்ணுக்கும் ஆகாத எலை. காட்டுல காலுக்கடியில கெடக்குமாம். ‘போதுங்களாய்யா’ம்பான். ‘இன்னொண்ணு போடு அம்மிணி’ம்பேன். போடுவான். யாவாரம்னா அதானுங்க. பேரம் இருக்கோணும், மூஞ்சிக்கு மூஞ்சி இருக்கோணும், கடைசியில கொசுறு இருக்கோணும். கொசுறு இல்லாத சந்தை ஒரு சந்தையா?

என்ன பாக்கறீங்க? அது மண்டி, இது சந்தை. ரெண்டும் வேறயிங்க.

ஒருக்கா ஒடம்பு சொகமில்லாம நான் கொஞ்ச நாளு போகல. திரும்பப் போயி நின்னதும், ‘பிரஷர் மாத்திரைய நேரத்துக்குப் போடறீங்களாய்யா’ன்னு கேட்டான். இவனுக்கு எப்படித் தெரியும்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். பேச்சுவாக்குல நாந்தான் சொல்லியிருப்பேன். வாடிக்கை ஆளுகிட்ட அவ்வளவு அக்கறை. மண்டியில அந்தக் கவனம் வெச்சிருந்தான்னா இந்நேரம் எங்கியோ போயிருப்பான்.

காசா? கேமுக் காசு வேணும்னா பூதம் அடிக்கோணும்னு தாரணி சொன்னா. நமக்கெதுக்கு அந்தச் சோலி? காலையில இரும்பு வெட்டறவனுங்க அவசரத்துல மலிவாத் தள்ளிட்டுப் போவானுங்க. சாயந்தரம் கத்தி அடிக்கறவனுங்க இரும்பைத் தேடி வருவானுங்க. நடுவுல நான். கொஞ்ச நாள்லயே இரும்பு வேணும்னா வேங்கைகிட்டப் போன்னு ஆயிருச்சு. புதுசா வர்ற பசங்களுக்கு வெலை தெரியாது, கேட்ட காசைக் குடுப்பானுங்க. அவன் கேக்காத நெலவரத்தை நான் எதுக்குச் சொல்லோணும்? அது யாவாரமுங்க, ஏமாத்து இல்ல.

ஓசூர் வந்துருச்சுங்களா? டீ குடிக்க உடுவானா டிரைவரு? நிக்கமாட்டான் போல.

எங்க உட்டேன்? ஆங். ஒரு நாளு தொறந்தா கம்பெனிக்காரன் அறிவிப்புப் போட்டிருக்கான். மைதானத்துல சில தரகருங்க சரக்கைப் பதுக்கி, புதுசா வர்றவங்கள ஏமாத்தறதா நெறைய புகார் வந்துச்சாம். குறிப்பா இரும்புலயாம். அதனால கைக்குக் கை யாவாரம் நிறுத்தம். இனிமே எல்லாருக்கும் பொதுச்சந்தை. எவனோ நாலு திருட்டுப்பய பண்ணுன வேலைக்கு, ஒழுங்கா யாவாரம் பண்றவன் வயித்துல அடிச்சுட்டாங்க பாருங்க!

பொதுச்சந்தைன்னா என்னன்னு சொல்றேன். ஒரு பட்டியல், அவ்வளவுதான். மருந்துன்னு அமுக்குனா மருந்து மூட்டையா வரிசையா வரும், மலிவானது மேல. வித்தவன் பேரு இருக்காது. வாங்குனவன் பேரும் அவனுக்குப் போகாது. ‘வாங்கு’ன்னு ஒரு பொத்தான், அமுக்குனா சரக்கு நம்ம பெட்டியில. நடுவுல கம்பெனிக்காரன் கமிஷன் எடுத்துக்கறான். கமிஷன் தப்புங்கல, நானே கமிஷன்லதான் சாப்பிடறேன். ஆனா கமிஷன் வாங்கறவன் மூஞ்சியக் காட்டோணுமில்லீங்க? வெவசாயி வந்தா டீ சொல்லோணும், மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதான்னு கேக்கோணும். சும்மா பொத்தானை அமுக்கி வாங்கறதுக்கு சந்தை எதுக்கு?

தாரணி சொல்றா, ‘இதுதாம்பா நியாயம், எல்லாருக்கும் ஒரே வெலை, யாரும் யாரையும் ஏமாத்த முடியாது’ன்னு. நியாயந்தான். யாரு இல்லேன்னா? அந்த நியாயத்தை வெச்சுட்டு நான் யாருகூடப் பேசறது?

மைதானம் காலியாப் போச்சுங்க. அந்த வேசத்தோட நான் மட்டும் தெனமும் போயி நிப்பேன். குயிலி விரிப்புப் போட்ட எடத்துல வெறும் மண்ணு. அவனுக்கு இனி அங்க என்ன வேலை? சரக்கைப் பட்டியல்ல ஏத்தி உட்டுட்டு, கூட்டாளிங்களோட காட்டுக்குப் போயிட்டான். நானும் போயிப் பாத்துடலாம்னு கெளம்புனேன். காட்டு வாசல்ல ஒரு ஓநாயி. ஒரு கடி, நான் செத்துப் போயிட்டேன். செத்தா திரும்ப மைதானத்துலயே கொண்டாந்து நிறுத்திருது. மறுக்கா போனேன், மறுக்கா கடிச்சுது. எம்பட பெட்டியில இல்லாத மருந்தா? குடிக்கக்கூட நேரங் குடுக்க மாட்டேங்குது அந்த நாயி. இத்தனை நாளும் யாவாரமே பண்ணிட்டிருந்துட்டேன், சண்டை ஒண்ணுங் கத்துக்கல. அவன் இருக்கற எடத்துக்கு என்னால நடந்து போகவே முடியலீங்க.

தனியா சேதி அனுப்பலாமாம். தாரணி சொன்னா. என்னன்னு அனுப்பறது? மருந்து வேணும்னா? அதான் பட்டியல்ல கெடக்குதே, அமுக்கிக்க வேண்டியதுதான. சாப்பிட்டியான்னா? அதைக் கேக்க வேங்கை யாரு? பேசறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்லீங்க தம்பி. அந்தச் சாக்கைத்தான் புடுங்கிட்டாங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன், இதை யாருகிட்டயும் சொல்லல. போன வாரம் மண்டியில உக்காந்து சும்மா ஒரு மருந்து மூட்டையை வாங்கித் தொறந்தேன். குப்பிங்களுக்கு அடியில ஒரு பச்சிலை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஏலம் நடக்குது, எல்லாரும் பாக்கறாங்க, மொளகா நெடின்னு சொல்லித் தொடைச்சுக்கிட்டேன்.

யாரு வாங்குவான்னு தெரியாதுங்களே அவனுக்கு. அதனால ஏத்தற மூட்டையிலெல்லாம் ஒரு எலையப் போட்டு அனுப்பறான். எவனெவனோ வாங்கறான். எலையைத் தூக்கி எறிஞ்சுட்டு மருந்தைக் குடிச்சுட்டுப் போறான். நானும் மூட்டை மூட்டையா வாங்கறேன். எது அவன் மூட்டை, எதுல எலை இருக்கும்னு வெளியில இருந்து தெரியாது, தொறந்தாத்தான் தெரியும். கெடைச்சா எடுத்து வெச்சுக்கறேன். ‘வந்து சேந்துச்சு அம்மிணி’ன்னு சொல்ல ஒரு வழியில்ல. அவனுக்கு ‘சரக்கு விற்றது’ன்னு மட்டும் போகுமாம். வேற ஒண்ணும் போகாதாம்.

பாவம், அந்த வேங்கையைத் தேடுறான். அவ்வளவு பிரியம் அவன் மேல. சில சமயம் எனக்கு ஆத்திரமா வருதுங்க அந்தச் சட்டை போடாத பய மேல. அவனுக்கு எலை போடறான். எனக்குன்னு தெரிஞ்சா போடுவானா?

என்ன கேக்கறீங்க? அவனுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்குமான்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. தெரிஞ்சிருந்தா ஒரு நிமிஷம் நின்னு பேசியிருப்பானுங்களா? நானும் சொல்லல, தாரணியும் சத்தியம் பண்ணியிருக்கா. அய்யான்னு கூப்பிட்டது மரியாதைக்கு. மாத்திரையா? அதான் நான் சொல்லியிருப்பேன்னு சொன்னேனே. சொல்லியிருப்பேன். இவ்வளவு பெரிய சேதிய எழுத்தெழுத்தாத் தேடி அமுக்குனனான்னு எனக்கு ஞாபகமில்ல, ஆனா சொல்லியிருப்பேன்.

ஜன்னலைச் சித்த சாத்துங்க தம்பி. காத்து மூஞ்சியிலயே அடிக்குது.

கம்பெனிக்காரங்ககிட்ட என்ன கேக்கப் போறேன்னா, ஒண்ணும் பெருசா இல்ல. பொதுச்சந்தைய மூட வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். மைதானத்துல ஒரு ஓரமா நாலு விரிப்புக்கு மட்டும் எடம் உடுங்கன்னு கேப்பேன். வெலைய வேணும்னா அவங்களே எழுதி ஒட்டிக்கட்டும். நான் இரும்புப் பக்கமே வரமாட்டேன். கமிஷன் எச்சா வேணும்னாலும் எடுத்துக்கட்டும். பொத்தானை அமுக்கறதுக்கு முன்னால ரெண்டு பேரு நின்னு நாலு வார்த்தை பேசிக்க உட்டாப் போதும். கேக்கமாட்டாங்களா? ஊரு பூரா புகார் சொல்லி மாத்துனதை, ஒரு மண்டிக்காரன் வந்து சொன்னான்னு திருப்புவாங்களான்னா, திருப்பமாட்டாங்கதான். வாசல்லயே நிறுத்துவாங்க. தெரியுதுங்க. வேற எங்க போயிக் கேக்கறதுன்னுதான் தெரியல.

இந்த மொளகாயா? மேனேஜருக்குத்தான். வெறுங்கையோட போகக்கூடாதில்ல. நல்ல சரக்கு, காலையில நானே பொறுக்குனேன். தயிருல ஊறப் போட்டுக் காயவெச்சுப் பொரிச்சா, வேற ஒண்ணும் வேணாம்பான், அது ஒண்ணுலயே ரெண்டு தட்டுச் சோறு எறங்கும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். மேனேஜரும் நம்மூரு ஆளா இருந்தாப் புடிக்கும்.

கண்டக்டர் என்னமோ கத்தறாப்ல. பொம்மனஹள்ளியா? அதுக்குள்ள வந்துருச்சா. நீங்க எந்திரிங்க, எந்திரிங்க. இருங்க, ஒரு நிமிஷம், பையை விரிங்க. இந்தாங்க. இன்னொரு கை. காசெல்லாம் எதுக்குங்க? இத்தனை தூரம் கேட்டுட்டு வந்தீங்களே, கொசுறுன்னு வெச்சுக்குங்க.

நானா? நான் எறங்கலீங்க. அந்தா, அந்தக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால மூணாவது சந்துல அவன் ரூமுன்னு தாரணி சொல்லியிருக்கா, வழியெல்லாம் தெரியுது. பக்கந்தான். எறங்கிப் போயிக் கதவைத் தட்டுனாத் தொறப்பான். தொறந்துட்டு, ‘என்ன வேணும்’னு கேப்பான்ல? என்ன வாங்க வந்தேன்னு சொல்றது தம்பி?

எறங்குங்க, எறங்குங்க. வண்டி கெளம்பிருச்சு.